கடையைக் கட்டியாயிற்று, பாட்டை எதில் வைத்துக்கொள்வது?

ஸ்பென்சர் பிளாசாவில் மியூசிக் வேர்ல்டு இருந்த காலத்தில் பாட்டு வாங்குகிறவருக்கு ஒரே குழப்பம்தான்: கேசட்டா, சி.டி.யா? அமெரிக்காவில் டவர் ரெக்கார்ட்ஸ் 2006-லேயே கதவடைத்தது. மியூசிக் வேர்ல்டு 2013-இல் போனது, மும்பை ரிதம் ஹவுஸ் 2016-இல். பேப்பரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து டி.டி.கே. 60 கேசட்டில் பதிந்து வாங்கிய ரெக்கார்டிங் சென்டர்கள் அதற்கும் முன்பே செல்போன் கடைகளாகிவிட்டன. சரக்கு மட்டும் பரணில் கிடக்கிறது. அதில் எதைக் காப்பாற்றுவது, புதிதாக எதில் காசு போடுவது?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாடம் கேட்க ஆப். கைவசம் இருக்க வேண்டியதற்கு சி.டி. கேசட்டை ஒரு தரம் ஒழுங்காக ஓட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு எடுத்து வைத்துவிடலாம். இசைத்தட்டு, செலவழிக்க மனசு இருப்பவர்களுக்கு.

சௌகரியத்தில் ஆப்பின் கிட்டே எதுவும் வராது. ஆனால் அதிலுள்ள டவுன்லோட் பட்டனை நம்பி பரணைக் காலி செய்துவிடாதீர்கள். ஸ்பாட்டிஃபையில் இறக்கிய பாட்டு தொடர்ந்து பாட, 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் இணைந்தாக வேண்டும். சந்தா இருக்கும்வரை, கம்பெனியும் இருக்கும்வரை கேட்கலாம், அவ்வளவுதான். ஏர்டெல்லின் விங்க் மியூசிக் 2024-இல் மூடியதை மறக்க வேண்டாம். ஆப்பிள் மியூசிக் 2021 முதல் கூடுதல் கட்டணமில்லாமல் லாஸ்லெஸ் (தரம் இழக்காத ஒலி) தருகிறது என்றாலும், புளூடூத் ஹெட்போனில் கேட்டால் வழியிலேயே மறுபடி சுருங்கித்தான் காதுக்கு வரும். பழைய தமிழ்ப் பாட்டுகளில் இன்னொரு தொல்லை: மோனோவில் (ஒற்றைத் தட ஒலியில்) வந்த பாட்டுக்குச் செயற்கையாக எக்கோ ஏற்றிய பதிப்புதான் சில சமயம் மேலே வந்து நிற்கும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ரேடியோ மாதிரியான சரிகம கார்வான் பெட்டி வசதி. 5000 பாட்டு உள்ளேயே இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் போதும். அந்த 5000-ஐ மாற்ற முடியாது. சரிகமவிடம் உரிமை இல்லாத பாட்டும் இருக்காது. யு.எஸ்.பி. துளை இருப்பதால் மற்றதை எம்.பி.3-ஆகப் பென் டிரைவில் போட்டுச் செருகிவிடலாம்.

சி.டி.க்கு வருவோம். அதன் ஒலித் தரம் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. இதே தரத்தை ஃபிளாக் கோப்பாக எடுத்தால், துளியும் இழக்காமல் ஏறக்குறைய பாதி இடத்தில் அடங்கும். பழைய சி.டி. வாங்கும்போது எல்லோரும் பளபளப்பான பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள். அந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் இருக்கிறது, லேசான கீறலை அது தாங்கும். ஆபத்து அச்சிட்ட பக்கத்தில். அங்கே மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே உலோகப் படலம். கீறினால் தகவலே போய்விடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசி முனை அளவில் ஒளி கசிந்தால் அதை வாங்காமல் வைத்துவிடுங்கள். துடைப்பது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தடத்தோடு ஒட்டியே ஓடும், பிளேயரால் அதைச் சமாளிக்க முடியாது.

சி.டி.யைக் கம்ப்யூட்டரில் ஏற்ற, விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள் போதும். பிழை சரிபார்த்துப் படிக்கும் செக்யூர் மோடில் வைத்து எடுங்கள். சினிமா சி.டி.க்குப் பாடல் பெயர்கள் தானாக வராமலோ தப்பாகவோ வரலாம், கையால்தான் அடிக்க வேண்டும். ஒரு தட்டில் 150 பாட்டு என்று விற்ற எம்.பி.3 சி.டி.களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. வீட்டில் எரித்த சி.டி.களை முதலில் காப்பியெடுங்கள். அவற்றிலுள்ள சாயம் வெயிலில் வெளிறும்.

அதிகம் மெனக்கெட வேண்டியது கேசட்டில்தான். அதனால் எதை மாற்றுவது என்று முதலில் பிரியுங்கள். சி.டி.யில் கிடைக்கும் சினிமாப் பாட்டுக்கு இந்த உழைப்பு வீண். கல்யாண நாதஸ்வரம், வில்லுப்பாட்டு, ரேடியோவிலிருந்து பிடித்த கச்சேரி, தாத்தா பாட்டி குரல், கதை வசனக் கேசட் இவைதான் வேறெங்கும் கிடைக்காதவை.

நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அப்படியே ஓட்டக் கூடாது. நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அப்பி அடுத்த கேசட்டுக்கும் பரவும். ஹெட்டுக்கு எதிரே நாடாவை அழுத்தும் சிறு பஞ்சுத் துண்டு விழுந்திருக்கிறதா பாருங்கள். விழுந்திருந்தால் சத்தம் மங்கி மங்கி வரும். நல்ல கேசட்டாக இருந்தாலும் முதலில் ஒரு முறை முழுக்க முன்னே ஓட்டிப் பின்னே சுற்றுங்கள், இறுகிக் கிடக்கும் நாடா தளரும். ஹெட், ரப்பர் உருளை இரண்டையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட காது பட்ஸால் துடைக்க வேண்டும். பல வருஷம் கிடந்த கேசட் டெக்கில் பெல்ட் தார் மாதிரி இளகியிருக்கும், மாற்றாமல் வேலைக்கு ஆகாது. புதிதாக விற்கும் கையடக்க பிளேயர்களைவிட, சரிசெய்த பழைய டெக் எவ்வளவோ மேல்.

பாட்டு கம்பளிக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருந்தால் கேசட்டைக் குறை சொல்வதற்கு முன் ஹெட்டின் பக்கத்தில் அதன் சாய்வைச் சரிசெய்யும் சிறு திருகாணியைக் கவனியுங்கள். அதன் முதல் நிலையைக் குறித்துக்கொண்டு, பாட்டை ஓடவிட்டு மோனோவில் கேட்டபடி கால் திருப்புக்குள்ளாக மெல்லத் திருப்புங்கள். ஜால்ரா சத்தம் எங்கே மிகத் துல்லியமாகிறதோ அங்கே நிறுத்துங்கள். ரெக்கார்டிங் சென்டர் கேசட் ஒவ்வொன்றும் வெவ்வேறு டெக்கில் பதிந்ததாக இருக்கும் என்பதால் கேசட்டுக்குக் கேசட் இதைச் செய்ய வேண்டும். கம்ப்யூட்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜி.பி. ஆகும். பதியும் மென்பொருளின் மீட்டரில் உச்சச் சத்தம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் இருக்கட்டும். சுருதி ஏறியோ இறங்கியோ இருந்தால் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் ‘ஸ்பீடு’ மாற்றம்தான் சரி. ‘டெம்போ’ மாற்றினால் வேகம் மாறும், சுருதி அப்படியே கிடக்கும்.

இசைத்தட்டு மறுபடி வந்துவிட்டது என்பது அமெரிக்காவில் உண்மை: 2022-இல் அங்கே எண்ணிக்கையிலேயே சி.டி.யை முந்தியது. அதைப் பார்த்து சூட்கேஸ் வடிவத்தில் வரும் இசைத்தட்டு பிளேயரை வாங்கிவிடாதீர்கள். அதன் ஊசி 5 கிராம் வாக்கில் அழுத்தும். நல்ல மேக்னட் கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்கும் காந்தப் பகுதிக்கு) 2 கிராமே போதும். பழைய 78 சுற்றுத் தட்டுக்குத் தனி ஊசி வேண்டும். எல்.பி. (பிற்கால வினைல் தட்டு) ஊசி அந்தப் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் தரும். 78 தட்டுகள் அரக்கால் ஆனவை, ஆல்கஹாலில் துடைத்தால் கரைந்துவிடும். எல்.பி.க்களைப் படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்தி வையுங்கள், மே மாத வெயிலில் கார் டிக்கியில் விடாதீர்கள். புதிய மறுபதிப்பைப் பொறுத்தவரை, அது மூல டேப்பிலிருந்து வெட்டியதா டிஜிட்டல் கோப்பிலிருந்தா என்று உறையில் போட்டிருக்காவிட்டால் ஒலித் தரத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்க மாட்டேன்.

எதை மாற்றிப் பதிந்தாலும் உள்ளிருக்கும் அட்டையை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து அதே ஃபோல்டரில் போடுங்கள். ஆப்பில் தேடிக் கிடைக்காத பாடலாசிரியர் பெயர் அந்த மடிப்புக்குள் இருக்கும்.