பொருநை அருங்காட்சியகமா, ஆதிச்சநல்லூர் குழியா, திருப்புடைமருதூர் கோபுரமா?

திருநெல்வேலிக்கு வரும் உறவுக்காரர்களில் பலர் ரெட்டியார்பட்டி பொருநை அருங்காட்சியகத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுக் குற்றாலத்துக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் ஆதிச்சநல்லூர்தான்.

அங்கே அகழாய்வுக்குத் தோண்டிய குழியின் மேலேயே கண்ணாடி பதித்து 2023 ஆகஸ்டில் திறந்தார்கள். காலுக்குக் கீழே, இறந்தவர்களுக்கான ஈமத் தாழிகள் புதைத்த இடத்திலேயே இருக்கின்றன. ஒன்றையொன்று எப்படி நெருக்கிக்கொண்டு இருக்கின்றன, எவ்வளவு ஆழத்தில் இறக்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அலமாரியில் எடுத்து வைத்தால் தெரியாது. ஆனால் இந்தப் பரம்பின், அதாவது புதைமேட்டின், பெரிய புதையல்கள் அங்கே இல்லை. 1876இல் ஜெர்மானியரான ஜாகர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. பின்னர் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த தங்க நெற்றிப்பட்டங்களைப் பார்க்க நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்து எழும்பூரில் இறங்க வேண்டும்!

பொருநையின் பலம் வேறு. சிவகளை, கொற்கை, துலுக்கர்பட்டி அகழாய்வுகளில் கிடைத்தவை எல்லாம் ஒரே இடத்தில். சிவகளை இரும்பின் காலம் கி.மு. 3345 என்று 2025 ஜனவரியில் அறிவித்ததிலிருந்து எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள். அது இரும்போடு கிடைத்த கரியை வைத்துக் கணித்த காலம், விவாதம் இன்னும் நடக்கும். எனக்குப் பிடித்தது சிவகளைத் தாழிக்குள் இருந்த நெல் உமி, கி.மு. 1155. செத்தவருக்கும் நெல் போட்டு அனுப்பிய ஊர் இது.

கொற்கையைப் பொறுத்தவரை அருங்காட்சியகத்துக்கே என் ஓட்டு. பாண்டியரின் முத்துத் துறைமுகம் என்று நம்பி நேரில் போனால் வயலும் வாழையும்தான். கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

சரி, கப்பல்? அதற்கு மேற்கே திருப்புடைமருதூர் போகணும். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்தளங்களில், மரச் சிற்பங்களுக்கு நடுவே, குதிரைகளை ஏற்றிவரும் கப்பல் ஒன்றைச் சுவரில் தீட்டியிருக்கிறார்கள். கடல் வணிகத்தை இவ்வளவு உயிரோடு காட்டும் ஓவியம் இந்தப் பக்கத்தில் வேறு நான் பார்த்ததில்லை. ஆனால் உள்ளே இருட்டு, படிகள் குறுகல், மேலே ஏற அனுமதி கேட்க வேண்டும். முட்டிவலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப் போகாதீர்கள், அவர்களுக்குப் பொருநைதான் தோது.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறதென்றால் வெயில் ஏறுமுன் ஆதிச்சநல்லூர், அப்புறம் நிழலுக்குப் பொருநை. திருப்புடைமருதூரை அம்பாசமுத்திரம் போகிற நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.