சரோ, அபி, சாரதா இருக்கும் பழைய கேசட்டுகள்: பென் டிரைவுக்கு மாற்றிக் கொடுக்கும் வேலூர்க் கடை எப்படி?

வேலூர் பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். அண்ணா சாலையை ஒட்டிய சந்தில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு கடையில், வி.எச்.எஸ். என்கிற பழைய வீடியோ கேசட்டைக் கணினிக் கோப்பாக மாற்றிப் பென் டிரைவில் போட்டுத் தருகிறார்கள். வேலை சுத்தம், விலை நியாயம், பேச்சு மட்டும் கொஞ்சம் கறார். தாராளமாக நம்பிக் கொடுக்கலாம். ஆனால் வீட்டில் இருக்கிற எல்லா கேசட்டையும் பையில் அள்ளிக்கொண்டு போக வேண்டாம். பாதிப் பணம் வீண்.

காரணம் இதுதான். ‘மெட்டி ஒலி’, ‘சித்தி’, ‘கோலங்கள்’, ‘மர்மதேசம்’ என்று கேசட்டில் பதிந்த பழைய சீரியல்கள் எல்லாம் இப்போது யூடியூபிலேயே இருக்கின்றன. ‘மெட்டி ஒலி’யை 2020 ஊரடங்கில் சன் டிவியே மறுபடி ஒளிபரப்பியது. காயத்ரியின் சரோவும், அவளைப் படாத பாடு படுத்துகிற சேத்தனின் மாணிக்கமும், ஐந்து பெண்களைப் பெற்ற டெல்லி குமாரின் சிதம்பரமும் மூலப் பிரதியிலிருந்தே தெளிவாகக் கிடைக்கிறார்கள். கேசட்டிலிருந்து எடுக்கும் படம் அதற்குக் கிட்டேகூட வராது. கேபிள் வயரில் வந்த சிக்னலை வீட்டு வி.சி.ஆர். (கேசட்டை ஓட்டவும் பதியவும் செய்யும் மெஷின்) பதிவு செய்தது அது. அன்றைக்குத் திரையில் புள்ளி புள்ளியாக இரைந்திருந்தால், இன்றைக்கும் அந்த இரைச்சலோடுதான் வரும்.

அப்புறம் எதற்கு மாற்றுவது? கேசட்டில் மட்டும் இருப்பவற்றுக்காக. இடைவேளை விளம்பரங்கள், ஒளிபரப்பான அன்றைய ஓடும் எழுத்துகள், நிகழ்ச்சி முன்னோட்டங்கள் எதுவும் யூடியூப் பிரதியில் இருக்காது. சென்னைத் தொலைக்காட்சியின் செவ்வாய்க்கிழமை நாடகங்களை யாராவது பதிந்து வைத்திருந்தால் அதை முதலில் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அவற்றில் பெரும்பாலானவை வேறெங்கும் கண்ணில் படுவதில்லை. ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்து வீடுகளில் வளைகுடாவில் இருந்தவர்களுக்கு அனுப்பப் பதிந்த கேசட்டுகள் உண்டு. அவற்றில் சீரியல் முடிந்ததும் வீட்டு விசேஷம் பதிவாகியிருக்கும். லேபிளில் ‘கோலங்கள்’ என்று மட்டும் எழுதியிருக்கும். கடைசி இருபது நிமிடத்தில் தங்கையின் வளைகாப்பு இருக்கும். அதனால் லேபிளை நம்பி ஒதுக்காதீர்கள், ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டிப் பார்க்க இந்தக் கடையில் தனிக் காசு வாங்குவதில்லை.

ஒரு கணக்கும் வேண்டும். இ-180 என்று போட்ட, வழக்கமான அளவு கேசட்டில் சுமார் 258 மீட்டர் டேப், சாதாரண வேகத்தில் மூன்று மணி நேரம். விளம்பரத்தோடு அரை மணி சீரியல் என்றால் ஆறு அத்தியாயம். விளம்பரம் வரும்போது நிறுத்தி நிறுத்திப் பதிந்திருந்தால் எட்டு. 2003 நவம்பர் முதல் 2009 டிசம்பர் வரை ஓடிய ‘கோலங்கள்’ 1,500 அத்தியாயத்துக்கும் மேல். முழுசாக வைத்திருக்க 250 கேசட் வேண்டும். எந்த வீட்டிலும் அது இருக்காது. இருப்பது பிடித்த நாலு கட்டங்கள்தான்: தேவயானியின் அபி வில்லன் ஆதியை எதிர்த்து நிற்கிற இடம், இயக்குநர் திருச்செல்வமே நடித்த தொல்காப்பியன் வருகிற இடம். வீட்டுக்காரர்கள் எந்தக் கட்டத்தைப் பதிந்தார்கள் என்பதே ஒரு ரசனைப் பட்டியல். அதற்காக மாற்ற நினைத்தால் தப்பில்லை.

கடையில் வேலை நடக்கிற விதம். முதலில் கேசட்டின் ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் பூஞ்சை. கார்த்திகை மழையில் ஈரம் ஏறிய அறையில் வைத்த கேசட்டுகளுக்கு இது வரும். பூஞ்சை பிடித்த டேப்பை அப்படியே வி.சி.ஆரில் போட்டால் பொடி டேப்பைப் படிக்கிற ஹெட்டில் அப்பி, படம் போய் வெறும் பனி தெரியும்; அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை ஒட்டும். அதனால்தான் துடைக்க ஒரு பழைய வி.சி.ஆர்., ஓட்ட ஒரு நல்ல வி.சி.ஆர். என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது முக்கியம். ஒரே வி.சி.ஆரில் எல்லாவற்றையும் ஓட்டுகிற கடைக்குப் பூஞ்சை கேசட்டைக் கொடுக்கக் கூடாது, நல்ல கேசட்டையும் கொடுக்கக் கூடாது.

வி.சி.ஆர். இனி புதிதாகக் கிடைக்காது. கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஆகவே ரப்பர் பெல்ட் தளர்ந்தால், டேப்பை இழுக்கும் உருளை இறுகினால், வேறொரு பழைய மெஷினைப் பிரித்துத்தான் சரி செய்ய வேண்டும். மேசைக்கு அடியில் உதிரிக்கென்றே பிரித்துப் போட்ட மெஷின்கள் கிடக்கின்றன. கடையைப் பற்றி நல்ல எண்ணம் வருவதற்கு அதுவே போதும்.

வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், ஷீட் கூரைக்குக் கீழே பரணில் கிடந்த கேசட்டின் கூடு நெளிந்துவிடும். நெளிந்த கூட்டில் சுருள் உரசி, டேப்பின் ஓரம் மடியும். மேல் ஓரத்தில் ஒலித்தடம், கீழ் ஓரத்தில் வேகத்தை ஒழுங்கு செய்யும் தடம். மேலே மடிந்தால் மாணிக்கத்தின் வசவு நடுங்கி நடுங்கிக் கேட்கும். கீழே மடிந்தால் படம் துள்ளும், ட்ராக்கிங் நிற்காது. கூடு மட்டும்தான் கெட்டது என்றால், அடியில் இருக்கும் ஐந்து திருகாணிகளைக் கழற்றிச் சுருளை வேறொரு கூட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். கால் மணி வேலை. அறுந்த டேப்பையும் ஒட்டுவார்கள், ஒட்டின இடத்தில் ஒரு விநாடி போகும். செல்லோ டேப்பால் வீட்டிலேயே ஒட்டிக்கொண்டு வந்தால் திட்டு விழும். அதன் பசை ஹெட்டில் ஏறும்.

பிறகு ஓட்டம். இங்கே குறுக்கு வழி கிடையாது. “மூணு மணி நேரக் கேசட்னா மூணு மணி நேரம் ஓடியே ஆவணும் சார், காபி பேஸ்ட்டா இது?” என்று கடைக்காரர் ஒவ்வொருவரிடமும் சொல்கிறார். வி.சி.ஆரையும் கணினியையும் நேராக இணைக்காமல், நடுவில் ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரை வைத்திருக்கிறார். அது ஆடுகிற சிக்னலை நிலைப்படுத்திக் கொடுக்கும். இது இல்லாமல் மலிவான யு.எஸ்.பி. கேப்சர் கருவியில் நேராகக் குத்தினால், டேப் குலுங்கும் இடமெல்லாம் ஃபிரேம் விட்டுப்போகும். பத்து நிமிடம் சரியாக இருக்கும், ஒரு மணி கழித்துப் பார்த்தால் உதடு ஒரு பக்கம் வசனம் ஒரு பக்கம். வீட்டிலேயே மாற்றிப் பார்க்கிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

கடையில் தரத்தைச் சோதிக்க ‘மெட்டி ஒலி’ டைட்டில் பாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லலாம். தீனா இசையில் சாந்தி ஆடுகிற அந்த நடனத்தைவிட நல்ல சோதனை கிடையாது. நம் நாட்டு டிவியின் பால் (PAL) முறைப் படத்தில் விநாடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொன்றும் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என்று இரண்டு பாதியாக இருக்கும். இரண்டையும் சரியாகப் பிரிக்காவிட்டால், கை வீசும்போதும் கால் தட்டும்போதும் ஓரங்கள் சீப்புப் பல் மாதிரி கிழிந்து தெரியும். உட்கார்ந்து பேசுகிற காட்சியில் இது தெரியவே தெரியாது. கடையில் வழக்கமாகத் தருவது 25 ஃபிரேம். ‘50 ஃபிரேமாகக் கொடுங்கள்’ என்று கேட்டால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு வரும். கேட்டால்தான் கொடுப்பார்கள்.

அடுத்தது குங்குமம். வி.எச்.எஸ்.சில் நிற விவரம் குறைவாகத்தான் பதியும், சிவப்பு அதிலும் மோசம். அபியின் முகத்தை அருகில் காட்டும்போது பொட்டின் சிவப்பு நெற்றியில் கொஞ்சம் வலப்பக்கம் வழிந்து நிற்கும். ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதி எடுத்தது என்றால் கீழேயும் இறங்கியிருக்கும். மென்பொருளில் நிறத்தை மட்டும் சில புள்ளிகள் நகர்த்தி ஓரளவு சரி செய்யலாம். இந்தக் கடை செய்கிறது, கூடுதல் காசு வாங்காமல்.

‘மர்மதேசம்’ வரிசையில் நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ வேறு வகைச் சிக்கல். இரவுக் காட்சிகள் அதிகம். இருட்டில் டேப்பின் மணல் இரைச்சல் கூடுதலாகத் தெரியும். கோப்பை ரொம்பச் சுருக்கினால் அந்த இரைச்சல் கட்டம் கட்டமாக உறைந்து, கருப்புசாமி பயத்துக்குப் பதில் எரிச்சல்தான் தருவார். மூன்று மணிக் கேசட்டை 2 ஜிபிக்குள் அடைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பெருமையாக நினைக்காதீர்கள். 4 ஜிபி அளவாவது இருக்கட்டும். ஆனால் பழைய டிவிக்குப் பொருந்துகிற எஃப்.ஏ.டி. 32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தொட்டால் ஏறாது. அத்தியாயம் அத்தியாயமாக வெட்டிக் கேளுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

குறைகளும் உண்டு. கோப்புகளுக்கு ‘வீடியோ 1’, ‘வீடியோ 2’ என்றே பெயர் வருகிறது. லேபிளில் எழுதியதைத் தட்டச்சு செய்ய யாருக்கும் பொறுமை இல்லை. பழைய மோனோ வி.சி.ஆரில் ஓட்டினால் ஒலி ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் வருகிறது. இரண்டு பக்கமும் வரும்படி செய்வது ஒரு சொடுக்கு வேலை, அதையும் நாம்தான் நினைவுபடுத்த வேண்டும். படத்தின் அடியில் நெளியும் பட்டை கோளாறு இல்லை, எல்லா வி.எச்.எஸ்.சிலும் இருப்பது, பழைய டியூப் டிவி அதை விளிம்புக்குள் மறைத்துவிடும். வெட்டித் தருவதுதான் முறை. இங்கே ஒரு கேசட்டில் வெட்டுகிறார்கள், இன்னொன்றில் விட்டுவிடுகிறார்கள். அப்புறம், ‘ஏ.ஐ. வைத்து 4கே ஆக்கித் தருகிறோம்’ என்று சுவரில் புதிதாக ஒரு போஸ்டர். அந்தக் காசைக் கொடுக்காதீர்கள். டேப்பில் இல்லாத விவரத்தை அது கற்பனை செய்து ஒட்டும். ‘சித்தி’யின் சாரதா கண்கலங்கும் காட்சியில் ராதிகாவின் முகம் மெழுகுப் பொம்மை ஆகிவிடுகிறது. அந்த அம்மாவின் நடிப்பே கண்ணுக்குக் கீழே இருக்கிற அந்தச் சின்ன அசைவில்தானே இருக்கிறது.

விலை கேசட்டுக்கு 300 முதல் 500 ரூபாய், பூஞ்சை துடைப்பதற்குத் தனி. பாதிதான் பதிவாகியிருக்கிறது என்றால் ஓடிய நேரத்துக்கு மட்டும் கணக்குப் போடச் சொல்லிப் பேசலாம், ஒத்துக்கொள்கிறார்கள். கொடுப்பதற்கு முன் கேசட்டை ஒரு நாள் மின்விசிறி ஓடும் அறையில் நிமிர்த்தி வையுங்கள். ஒவ்வொன்றிலும் எண் எழுதி, அதே எண்ணைத் தாளிலும் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது ஒவ்வொரு கோப்பின் கடைசி ஐந்து நிமிடத்தை அங்கேயே ஓட்டிப் பாருங்கள். ஒலி பிசகியிருந்தால் அங்கேதான் அதிகமாகத் தெரியும். மூலக் கேசட்டைத் திரும்ப வாங்க மறக்க வேண்டாம். கோப்பை யூடியூபில் ஏற்றுவதும் வேண்டாம், உரிமைக்காரர்கள் உடனே நீக்கச் சொல்வார்கள்.

போகிற நேரம் ஆடி மாதமாக இருக்கட்டும். முகூர்த்தம் இல்லாததால் கடைக்காரர் சும்மா இருப்பார், ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். ஆவணியிலோ தையிலோ கொடுத்தால் கல்யாண ஆல்பம் வேலைக்கு நடுவில் உங்கள் பை மூலையில் கிடக்கும். நாலு முறை போன் செய்ய வேண்டியிருக்கும்.