வேப்பெண்ணெயா, சிட்ரோனெல்லாவா?

மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்து விறாந்தையில் நுளம்போடுதான் தேத்தண்ணி. நுளம்பை விரட்ட வேப்பெண்ணெய் மலிவு. தேங்காயெண்ணெயில் கலந்து காலில் பூசினால் பிசுபிசுவென்று கனநேரம் நிற்கும். மணம்தான் பிரச்சினை, பூசிய அன்று பேரன் மடியில் ஏறமாட்டான்.

சிட்ரோனெல்லா, தெற்கில் புல்லிலிருந்து வடிக்கும் எண்ணெய். எலுமிச்சை வாசம், ஆனால் சீக்கிரம் ஆவியாகிவிடும்; ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்பப் பூசவேண்டிவரும். 2 மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய்க்கு 10 சொட்டுப் போதும். ஒருமுறை கலக்காமல் தடவினேன், முழங்கை வரை சிவந்து எரிந்தது. கைக்குழந்தைக்கு இரண்டுமே வேண்டாம்.

எனக்கு, அந்திக்கு வீட்டில் வேப்பெண்ணெய். கோயிலுக்கு வெளிக்கிட்டால் சிட்ரோனெல்லா. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. அதற்கு இரண்டையும் நம்பாமல் முற்றத்துச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கிறேன்.