வேலைநீக்கமா, சம்பள பாக்கியா: எந்தக் கதவைத் தட்டுவது?

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை போனதும் பலர் முதலில் போய் நிற்பது தொழிலாளர் இலாகாவில். சம்பள பாக்கி, ஓவர்டைம், நோட்டீஸ் காலப் பணம் ஆகியவற்றுக்கு அதுதான் சரியான இடம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. பேஸ்லிப், பஞ்ச் கார்டு நகல், வங்கிக் கணக்கு அறிக்கை இருந்தால் போதும்.

ஆனால் காரணமில்லாமல் நீக்கியது நியாயமா என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்காது. அதற்குத் தொழிலுறவு இலாகா. 1967 தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் மனு கொடுக்க, நீக்கிய நாளிலிருந்து 60 நாள்தான் அவகாசம். மார்ச் 3இல் நீக்கினால் மே 2க்குள் மனு போய்ச் சேர வேண்டும். முதலாளியிடம் பேசிப் பார்ப்போம் என்று காத்திருந்தே பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள். பேச்சுவார்த்தை நடந்தாலும் கெடு நிற்காது.

மனுவில் "மீண்டும் வேலையில் அமர்த்த வேண்டும்" என்றே கேளுங்கள். சட்டம் தரும் பரிகாரம் அதுதான். இழப்பீடு அதற்கு ஈடாகத்தான் வரும். தொழிலுறவு இலாகா நடத்தும் சமரசப் பேச்சு முறிந்தால் வழக்கு தொழிலியல் நீதிமன்றம் போகும். பின்சம்பளம், அதாவது நீக்கிய பிறகு கிடைக்காமல் போன சம்பளம், அதிகபட்சம் 24 மாதம், சோதனைக் காலத்தில் இருந்தவருக்கு 12 மாதம்.

மனிதவளப் பிரிவு அறையில் நீட்டப்படும் ராஜினாமாக் கடிதத்தில் மட்டும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால், வற்புறுத்தி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்.