ரேடியேட்டர் இருக்கட்டும், ஃபேனைக் கழற்றுங்கள்: லேண்ட் க்ரூஸருக்கு ஒரு அலுமினிய கூலிங் கிட்

நேரம் இல்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழு அலுமினிய ரேடியேட்டர், அதன் முதுகில் இரண்டு எலக்ட்ரிக் ஃபேன், ஒரு ரிலே, ஒரு வெப்ப சுவிட்ச், கொஞ்சம் வயர் என்று எல்லாம் ஒரே பெட்டியில் வரும் கிட் இது. இதில் ரேடியேட்டர் நல்ல சரக்கு. ஃபேன்கள் பாரம் ஏற்றிக்கொண்டு மணலும் மலையும் ஏறுகிற டீசல் வண்டிக்கு ஆகாது. ரேடியேட்டரை வைத்துக்கொண்டு, ஃபேன்களைக் கழற்றிவிட்டு, வண்டியோடு வந்த பழைய விஸ்கஸ் ஃபேனையே திரும்ப மாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பிராண்ட் பெயர் சொல்லவில்லை. சொன்னாலும் பெரிய பிரயோஜனம் இல்லை, இதே மாதிரி கிட் வேறு வேறு பெயர்களில் கிடைக்கிறது.

வண்டி டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 80 வரிசை, 1990இல் வந்த வடிவம். இன்ஜின் 1எச்இசட்: 4.2 லிட்டர், வரிசையாக 6 சிலிண்டர், பழைய பாணி இன்டைரக்ட் இன்ஜெக்‌ஷன் (டீசல் முதலில் ஒரு சின்ன முன்னறையில் எரியத் தொடங்கும்), டர்போ கிடையாது. இந்த இன்ஜினுக்குச் சாவே இல்லை என்று ஒரு பெயர் உண்டு. உண்மைதான், கை வைக்காத வரைக்கும். அப்புறம் நாம் என்ன செய்கிறோம்? வெளியே கிடைக்கிற டர்போ ஒன்றை மாட்டுகிறோம், பம்ப்பில் டீசலைக் கூட்டுகிறோம், பெரிய டயர் போடுகிறோம், முன்னால் இரும்பு பம்பர், அதற்குள் வின்ச், அதன் மேல் இரண்டு பெரிய விளக்கு, கிரில்லுக்குப் பின்னால் டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். இன்ஜின் உண்டாக்கும் சூட்டைக் கூட்டிக்கொண்டே போகிறோம், அந்தச் சூட்டை வாங்கிப் போக வேண்டிய காற்றின் வழியை அடைத்துக்கொண்டே போகிறோம். கடைசியில் சூட்டு மீட்டரின் முள் மேலே ஏறியதும் "ரேடியேட்டர் சின்னது" என்று ஒரு கிட் வாங்குகிறோம். என் வண்டியும் இந்தக் கதைதான்.

டீசல் இன்ஜினின் சூடு வேறு மாதிரி வேலை செய்கிறது, அது புரியாமல் இந்தக் கிட்டை எடை போட முடியாது. ஊற்றுகிற எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் போகிறது, இன்னொரு பங்கு சைலன்சர் வழியே போகிறது, மீதியில் பெரும்பகுதியை இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சுற்றும் திரவமான கூலன்ட்தான் சுமக்க வேண்டும். பெட்ரோல் வண்டி டிராஃபிக்கில் நின்றாலே சூடாகும். டீசலோ ஐடிலில் சொட்டுச் சொட்டாகத்தான் எரிபொருளை எடுத்துக்கொள்கிறது, கூடவே சிலிண்டர் நிறையக் காற்றை இழுக்கிறது, அதனால் நின்ற இடத்தில் குளிர்ந்துதான் கிடக்கும். அது கொதிக்கிற இடம் வேறு: பாரத்தோடு நீண்ட ஏற்றம், மென்மையான மணல், பின்பக்கமிருந்து காற்று, வண்டி வேகம் நடக்கிற வேகம், ஆக்சிலரேட்டர் முழுக்கத் தரையில். எரிகிற டீசல் உச்சத்தில் இருக்கும், முகப்பில் வந்து மோதுகிற காற்று கிட்டத்தட்ட இருக்காது. அந்த நேரத்தில் காற்றை இழுக்க ஃபேன் ஒன்றுதான் கதி.

இங்கேதான் இந்தக் கிட் சறுக்குகிறது.

விஸ்கஸ் ஃபேன் இன்ஜினின் பெல்ட்டோடு சுற்றுவது. நடுவில் சிலிகான் எண்ணெய் நிரம்பிய ஒரு கிளட்ச் இருக்கும், அதன் முகத்தில் ஒரு பைமெட்டல் சுருள். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் சுருள் திரும்பி உள்ளே ஒரு வழியைத் திறந்துவிடும், எண்ணெய் தட்டுகளுக்கு நடுவே பரவும், ஃபேன் இன்ஜினோடு இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்போது பெரிய லாரி வருகிற மாதிரி ஒரு இரைச்சல் கேட்கும், பலர் அதைக் கோளாறு என்று நினைத்து மெக்கானிக்கிடம் போகிறார்கள். அப்படி முழுதாகப் பிடித்த ஃபேன் இன்ஜினிடமிருந்து பல குதிரைத்திறனை விழுங்கும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். இந்தக் கிட்டில் உள்ள இரண்டு எலக்ட்ரிக் ஃபேனும் சேர்ந்து இழுப்பது 12 வோல்ட்டில் சுமார் 50 ஆம்பியர், அதாவது 600 வாட் சொச்சம். காற்றைத் தள்ளுவதற்கு இலவசச் சக்தி எதுவும் கிடையாது. சில ஆயிரம் வாட் செய்த வேலையை 600 வாட் எப்படிச் செய்யும்?

பெட்டியில் அச்சிட்டிருக்கும் காற்று அளவு எதிரே எதுவும் இல்லாமல் ஃபேனைத் தனியாக ஓட்டினால் வருவது. நிஜத்தில் அது ஏசி கண்டென்சர், இன்டர்கூலர், தடிமனான ரேடியேட்டர் மூன்றின் வழியாகவும் உறிஞ்ச வேண்டும். அத்தனை எதிர்ப்பு வந்ததும் ஒல்லியான எலக்ட்ரிக் ஃபேன் திணறிவிடுகிறது. இதைவிட முக்கியமாக ஒன்று இருக்கிறது. லோ ரேஞ்சில் (மெதுவாகப் போய் அதிகம் இழுக்கிற கியர் வரிசை) போட்டு ஏறும்போது இன்ஜின் வேகம் கூடுகிறது, கூடவே வாட்டர் பம்ப்பும் விஸ்கஸ் ஃபேனும் வேகம் கூடுகின்றன, வேலை கடினமாகும்போது அதற்கேற்ப குளிர்ச்சியும் கூடுகிறது. எலக்ட்ரிக் ஃபேனுக்கு இது தெரியாது, அது எப்போதும் ஒரே வேகம். (ஏற்றத்தில் முள் ஏறினால் ஹை ரேஞ்சில் முக்கிக்கொண்டு போகாதீர்கள், லோ ரேஞ்சுக்கு மாறுங்கள். காசு இல்லாத வைத்தியம், பாதிப் பேர் செய்வதில்லை.)

இதெல்லாம் தியரிதானே என்பவர்களுக்கு என் மீட்டர் காட்டிய கணக்கு. ஒரே ஏற்றம், ஏறத்தாழ ஒரே பாரம், ஒரே மாதிரி வெயில். பழைய செம்பு-பித்தளை ரேடியேட்டரும் விஸ்கஸ் ஃபேனும் இருந்தபோது கூலன்ட் சூடு 103 டிகிரி. கிட்டை அப்படியே மாட்டியதும் 106, ஏற்றம் முடிந்த பிறகும் அவசரமில்லாமல் மெதுவாகத்தான் இறங்கியது. கிட்டின் ரேடியேட்டர், பழைய ஃபேன், அதைச் சுற்றியிருக்கும் பழைய ஷ்ரவுட் மூன்றும் சேர்ந்தபோது 95, மேட்டில் ஏறி முடித்ததும் சட்டென்று இறங்கிவிட்டது. இதற்கு மேல் எனக்கு விவாதம் வேண்டாம்.

ஷ்ரவுட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த பிளாஸ்டிக் வளையத்தை வெறும் கைப்பாதுகாப்பு என்று நினைத்துக் கழற்றி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் தன் பக்கத்தில் உள்ள சூடான காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும், ரேடியேட்டரின் மூலைகளில் காற்றே போகாது. கிட்டின் தட்டையான அலுமினிய ஷ்ரவுட்டில் வேறு சிக்கல், ஹைவே வேகத்தில் முன்னாலிருந்து வரும் காற்றுக்கு அதுவே சுவர். எலக்ட்ரிக் ஃபேனுக்கு உள்ள ஒரே உண்மையான நன்மை ஆற்றைக் கடக்கும்போது சுவிட்சைத் தட்டி நிறுத்தலாம் என்பது. சுற்றிக்கொண்டிருக்கும் இறக்கை தண்ணீரில் மாட்டினால் முன்பக்கம் வளைந்து ரேடியேட்டரையே அறுத்துவிடும். விஸ்கஸ் ஃபேன் வைத்திருப்பவர்கள் முகப்பில் ஒரு தார்ப்பாய் கட்டிக்கொண்டு நிதானமாக இறங்கினால் போதும்.

சரி, ரேடியேட்டருக்கு வருவோம், இதைப் பாராட்டத்தான் வேண்டும். வெப்பத்தைக் கடத்துவதில் செம்புதான் அலுமினியத்தைவிட வெகுவாக மேல், அப்படியிருக்க அலுமினியம் எப்படி ஜெயிக்கிறது என்று கேட்கலாம். அலுமினியக் குழாய்களை அகலமாகச் செய்யலாம், ஃபின்கள் என்கிற மெல்லிய தகடுகள் குழாயோடு பிரேஸ் செய்து நேரடியாக ஒட்டியிருக்கும், நடுவில் ஈயப் பற்று என்ற தடை இல்லை. என் பழைய ரேடியேட்டரின் அடி வரிசைகளில் பாதி உப்புப் படிந்து அடைத்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், அதனால் வித்தியாசம் முழுவதும் அலுமினியத்தின் மகிமை அல்ல. அடைப்பு எடுத்த பழைய செம்பு ரேடியேட்டரே உங்களுக்குப் போதுமாக இருக்கலாம். செம்பு உடைந்தால் கையில் ஈயம் பற்றவைக்கத் தெரிந்த யாரும் ஒட்டித் தருவார், அலுமினியத்துக்கு டிக் வெல்டிங் வேண்டும். தொலைதூரம் போகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

வெல்டிங் சுத்தமாக இருக்கிறது, தொட்டிகள் தடிமனான தகடு. ஃபின்கள் மட்டும் கொஞ்சம் நெருக்கம், சேறு மாட்டினால் எளிதில் போகாது. தண்ணீர் அடிக்கும்போது இன்ஜின் பக்கமிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி, குறைந்த அழுத்தத்தில் அடியுங்கள். முன்னாலிருந்து பிரஷர் வாஷர் பிடித்தால் சேறு இன்னும் உள்ளே போகும், ஃபின்னும் மடங்கும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள சந்தில் புல்விதையும் பூச்சியும் அடைந்து கிடக்கும், மேலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், பயந்துபோவீர்கள்.

பொருத்துவதில் குறைகள் உண்டு. பிராக்கெட் ஓட்டைகளில் இரண்டு தள்ளி இருந்தன, ஃபைல் பிடிக்க வேண்டி வந்தது. அடியில் வைக்க வேண்டிய ரப்பர் புஷ் பெட்டியில் இல்லை, இது சின்ன விஷயம் அல்ல. அலுமினியத்தை இரும்போடு நேராக இறுக்கினால் கரடுமுரடான பாதையின் அதிர்வில் வெல்டிங் ஓரங்கள் விரிசல் விடும். பழைய புஷ்களைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். இன்னொன்று, வின்ச்சுக்கும் விளக்குக்கும் எர்த் வயரைக் கண்ட இடத்தில் கொடுத்திருந்தால் மின்சாரம் கூலன்ட் வழியே போய் அலுமினியத்தை உள்ளிருந்து அரிக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொரு முனையை உலோகம் தொடாமல் கூலன்ட்டிலும் வைத்துப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி, 0.3ஐத் தொட்டால் எர்த்தைச் சரிபண்ணாமல் புது ரேடியேட்டரை மாட்டவே மாட்டாதீர்கள்.

கிட்டோடு வந்த மூடியை நான் போடவில்லை, அதன் ஸ்பிரிங் மேல் நம்பிக்கை வரவில்லை. மூடி வெறும் மூடி இல்லை, அது ஒரு வால்வு. தண்ணீரில் பாதிக்குப் பாதி கிளைக்கால் என்ற ரசாயனம் கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும், மூடி ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் 129 வரை தாங்கும். மூடி தளர்ந்தால் அந்த 20 டிகிரி பாதுகாப்பு போயிற்று. மலைக்குப் போனால் இன்னும் மோசம்: 3,000 மீட்டரில் வெறும் தண்ணீரே 90 டிகிரியில் கொதித்துவிடும், காற்றும் மெலிந்துவிடுவதால் ரேடியேட்டர் வழியே போகும் குளிர்ச்சியும் குறையும். கிளைக்காலைக் கூட்டி ஊற்றினால் இன்னும் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். கிளைக்கால் தண்ணீர் அளவுக்குச் சூட்டைச் சுமக்காது, பாதிக்கு மேல் போனால் நஷ்டம்தான். வெறும் குழாய்த் தண்ணீர் அதைவிட நஷ்டம், என் பழைய ரேடியேட்டரை அடைத்தது அதுதான்.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடு, குளிர்ந்துவிடும்" என்ற யோசனை உங்களுக்கும் வந்திருக்கும். இந்த இன்ஜினில் அதைச் செய்யவே கூடாது. தெர்மோஸ்டாட் என்பது சூட்டைப் பார்த்து கூலன்ட்டுக்கு வழி திறக்கும் வால்வு, இதில் அதற்குக் கீழே இன்னொரு தட்டு உண்டு. இன்ஜின் சூடானதும் மேல்பக்கம் ரேடியேட்டருக்கு வழி திறக்கும், அதே நேரம் அடித்தட்டு, ரேடியேட்டரைத் தவிர்த்துப் போகும் பைபாஸ் வழியை மூடும். கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். பாரத்தில் சூடு குறையாது, கூடும். அடித்தட்டு இல்லாத மலிவு தெர்மோஸ்டாட் போட்டாலும் இதே கதி.

கிட் வாங்குவதற்கு முன்னால் மீட்டர் வாங்குங்கள் என்றுதான் கேட்கிறவர்களிடம் சொல்கிறேன். கம்பெனி மீட்டரின் முள் பல வண்டிகளில் வேண்டுமென்றே மந்தமாக வைக்கப்பட்டது, 80க்கும் 100க்கும் நடுவே எங்கே இருந்தாலும் நடுவிலேயே நிற்கும், அது நகர ஆரம்பிக்கும்போது நிலைமை கை மீறியிருக்கும். டிகிரியை எண்ணில் காட்டும் மீட்டர் ஒன்று, சிலிண்டர் ஹெட்டின் போல்ட்டில் மாட்டுகிற வகை அலாரம் ஒன்று. இரண்டாவது ஏன்? ஹோஸ் வெடித்து கூலன்ட் எல்லாம் ஓடிவிட்டால் கூலன்ட் சென்சார் காற்றில் தொங்கும், அது காட்டுவது பொய். ஹெட்டின் உலோகம் பொய் சொல்லாது. டர்போ போட்டிருந்தால் புகைச் சூட்டு மீட்டரும் கட்டாயம். கூலன்ட் சூடு ஏற நிமிடங்கள் ஆகும், புகைச் சூடு நொடிகளில் ஏறும். 1எச்இசட் மாதிரி ப்ரீ சேம்பர் (முன்னறை) இன்ஜினில் டர்போவுக்கு முன்னால் 700 டிகிரியைத் தாண்டி வெகுநேரம் ஓட்டினால் ஹெட் விரிசல் விடும், அதை எந்த ரேடியேட்டரும் தடுக்காது. பம்ப்பில் கூட்டிய டீசலைக் கொஞ்சம் குறைத்தால் பலருடைய கூலிங் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

யார் வாங்கலாம்? பழைய ரேடியேட்டர் உண்மையாகவே போய்விட்டது, விஸ்கஸ் கிளட்ச் நன்றாக இருக்கிறது, ரேடியேட்டரைத் தனியாகவும் விற்கிறார்கள் என்றால் தாராளமாக. கிளட்ச் சந்தேகம் என்றால் முதலில் அதைப் பாருங்கள்: சூடான இன்ஜினை அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றுங்கள், எதிர்ப்பே இல்லாமல் பல சுற்று சுற்றினால் எண்ணெய் தீர்ந்திருக்கிறது. சிலிகான் எண்ணெய் சின்ன டியூபில் கிடைக்கிறது, திறந்து நிரப்பிவிடலாம். ஆட்டோ கியர் வண்டிக்காரர்கள் ரேடியேட்டரின் அடித்தொட்டியில் கியர் ஆயில் கூலர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். என் வண்டி மேனுவல், அதனால் அந்த வகையை நான் ஓட்டிப் பார்க்கவில்லை. கிட்டின் ஃபேன்கள் இப்போது ஷெட் அலமாரியில் இருக்கின்றன, குறைந்த விலைக்குத் தருகிறேன், பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் கேட்கலாம்.