எஞ்சின் லைட் எரிந்தால்: டாங்கிளா, விசிடிஎஸ்ஸா, பட்டறையா, ஷோரூமா?

“அண்ணே, லைட் எரியுது. ஸ்கேன் பண்ணேன், பி0299னு வருது. டர்போ மாத்தணுமாம்.”

டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்திலிருந்து டோங்காட் வரை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ கார் வைத்திருக்கும் தம்பிகளிடம் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. பி0299 என்ற கோடு, அதாவது பிழை எண், டர்போ செத்துவிட்டது என்று சொல்லவே இல்லை. எஞ்சின் கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்ட், அதாவது டர்போ அமுக்கித் தரும் கூடுதல் காற்றழுத்தம், வரவில்லை, அவ்வளவுதான் சொல்கிறது. அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கழன்றிருக்கலாம். காலை எடுத்ததும் மிஞ்சிய பூஸ்டைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் ரப்பர் கிழிந்திருக்கலாம். ஐந்தாம் தலைமுறை ஜிடிஐயில் அது பேர்போன சங்கதி. டர்போவின் வேகத்தை அடக்கும் வேஸ்ட்கேட் கதவைக் கட்டுப்படுத்தும் என்75 சோலனாய்டு மக்கர் பண்ணலாம். டர்போ இந்த வரிசையில் கடைசி. விலையில்தான் முதல்.

கோட்டைப் படிப்பது எல்லாக் கருவிக்கும் கைவந்த வேலை. படித்த பிறகு எதைக் காட்டுகிறது என்பதில்தான் காசுக்கேற்ற வித்தியாசம் இருக்கிறது. அதனால் இந்த ஒரே பி0299ஐ நான்கு வழியிலும் ஓட்டிப் பார்ப்போம்.

முதலில் சில நூறு ராண்டுக்குக் கிடைக்கும் ப்ளூடூத் டாங்கிள். பெரும்பாலும் ஈஎல்எம்327 சிப்பின் நகல். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி-2 என்ற ஸ்கேன் சாக்கெட்டில் செருகி, போனில் ஒரு ஆப் போட்டால் போதும். ஐபோன்காரர்கள் மட்டும் பழைய ப்ளூடூத் டாங்கிளை வாங்கிவிட வேண்டாம், இணையாது. வைஃபை வகையோ, ஐபோனுக்கு ஒத்துவரும் என்று போட்டிருப்பதோ பார்த்து வாங்க வேண்டும்.

இது கோட்டைக் காட்டும், அழிக்கும். கோடு விழுந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, லோட் எவ்வளவு, எஞ்சின் சூடு எவ்வளவு என்று கம்ப்யூட்டர் பிடித்து வைத்த ஃப்ரீஸ் ஃப்ரேமையும் பல ஆப்கள் காட்டும். பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, நேரே அழிக்கும் பொத்தானுக்குப் போய்விடுகிறார்கள். அழித்தால் அந்தப் பதிவும் சேர்ந்தே போய்விடும். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க எத்தனை நேரம் ஆகும்?

ஆனால் பூஸ்ட் விஷயத்தில் டாங்கிள் பாதியில் கைவிட்டுவிடும். பொது ஓபிடி தரவில் மேனிஃபோல்ட் அழுத்தத்துக்கென, அதாவது எஞ்சினுக்குள் நுழையும் காற்றின் அழுத்தத்துக்கென, வழக்கமாக வருவது ஒரே ஒரு பைட். 0 முதல் 255 கிலோபாஸ்கல் வரைதான் அதில் அடங்கும். டர்பன் கடல் மட்டத்தில் வெளிக்காற்றே ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். ஆக, சாஃப்ட்வேரை மாற்றி 1.5 பார் பூஸ்டுக்கு மேல் ரீமேப் செய்த வண்டி என்றால் மீட்டர் உச்சியில் முட்டிக்கொண்டு நிற்கும். அதைவிடப் பெரிய குறை, கம்ப்யூட்டர் எவ்வளவு கேட்டது என்பதை இது பெரும்பாலும் காட்டாது. வந்தது தெரியும், கேட்டது தெரியாது. பி0299க்கு அந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும்.

அதற்காக டாங்கிளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பி0171, அதாவது பெட்ரோல் கலவை மெலிந்துவிட்டது என்ற கோடு வந்தால் இதுவே போதும். ஃப்யூயல் ட்ரிம் எண்ணை, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவை, பாருங்கள். ஐடிலில் கூட்டல் பத்து சதவீதத்துக்கு மேல் நின்று, 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. ஃபோக்ஸ்வாகனின் ஈஏ888 எஞ்சினில், உள்ளே சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வின் சவ்வு கிழிந்தாலும் இப்படித்தான் வரும், கூடவே விசில் சத்தமும் கேட்கலாம். மாறாக, லோட் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்ப் பக்கமும் காற்றளவு சென்சார் பக்கமும் போக வேண்டும்.

அடுத்தது விசிடிஎஸ். ஃபோக்ஸ்வாகன், ஆவ்டி, சீட், ஸ்கோடா வண்டிகளுக்காக ராஸ்-டெக் நிறுவனம் செய்யும் ஸ்கேன் சாஃப்ட்வேரும் கேபிளும். விண்டோஸ் லேப்டாப் வேண்டும், சில ஆயிரம் ராண்ட் வேண்டும். நகல் கேபிள்கள் மலிவாகக் கிடைக்கின்றன, அவற்றை நம்பி எஞ்சின் கம்ப்யூட்டரில் கைவைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. லேப்டாப் வேண்டாம் என்பவர்களுக்கு போனில் ஓடும் ஓபிடிலெவன் இருக்கிறது. வேலை கிட்டத்தட்ட அதே, ஆனால் பல வசதிகளுக்குத் தனியாகக் காசு.

பி0299 இங்கேதான் வாயைத் திறக்கிறது. ஐந்தாம், ஆறாம் தலைமுறை ஜிடிஐயில் எஞ்சின் பகுதிக்குள் போய் 115ஆம் அளவீட்டுத் தொகுதியைத் திறந்தால் ஆர்பிஎம், லோட், கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட் நான்கும் ஒரே வரியில் நிற்கும். ஏழாம் தலைமுறையில் தொகுதி எண் கிடையாது, பெயரைத் தேடித் தேர்ந்தெடுக்க வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி என்3 நெடுஞ்சாலையில் டவுன் ஹில் ஏற்றம் இதற்கு அருமையான இடம். மூன்றாம் கியர், 2,000 ஆர்பிஎம், போக்குவரத்து இல்லாதபோது ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்த வேண்டும், வேக வரம்பை எட்டும் முன் காலை எடுத்துப் பதிவை முடித்துவிட வேண்டும். லேப்டாப் பக்கத்து இருக்கையில் இன்னொருவர் மடியில் இருக்க வேண்டும், ஓட்டுபவர் அதைப் பார்க்கவே கூடாது.

வெளிக்காற்றின் அழுத்தமும் சேர்த்து, கேட்டது 1,800 மில்லிபார், வந்தது 1,300 என்று வைத்துக்கொள்வோம். என்75க்குப் போகும் கட்டளை தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இருந்தால், கம்ப்யூட்டர் முழுமூச்சாகக் கேட்கிறது, காற்று வந்து சேரவில்லை. வழியில் கசிவு, அல்லது வேஸ்ட்கேட் சரியாக மூடவில்லை. எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு அவுட்புட் டெஸ்ட் கொடுத்தால் என்75உம் டைவர்ட்டர் வால்வும் டிக் டிக் என்று அடிக்கும். அடிக்காதது எதுவோ அங்கே போங்கள்.

நம் தென்னாப்பிரிக்காவில் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உயரம். ஜோஹன்னஸ்பர்க் கிட்டத்தட்ட 1,750 மீட்டர் மேலே இருக்கிறது. எஞ்சினை ஓட்டாமல் சாவி போட்டால் அங்கே சுமார் 830 மில்லிபார்தான் காட்டும், டர்பனில் 1,010 காட்டிய அதே வண்டி. மேலே அதே அழுத்தத்தை எட்ட டர்போ கூடுதலாகச் சுழல வேண்டும். டர்பனில் வருடம் முழுக்க லைட்டே எரியாத வண்டி, உறவுக்காரர் கல்யாணத்துக்கு ஜோஹன்னஸ்பர்க் போகும் வழியில் வான் ரீனன் கணவாய் ஏறியதும் பி0299 போடுவது இதனால்தான். ஜோபர்க்கில் யாரோ டர்போவுக்கு விலை சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். சின்னக் கசிவு ஒன்று கீழே சமாளித்து, மேலே மாட்டிக்கொண்டிருக்கலாம். அங்கே பெட்ரோல் போடும்போது 93 ஆக்டேன் வாங்காமல் 95 வாங்குங்கள். காற்று மெலிந்த இடத்தில் 93 போதும் என்ற கணக்கு டர்போ இல்லாத எஞ்சினுக்கு உரியது.

பிஎம்டபிள்யூ 335ஐ கார் வைத்திருப்பவர்களுக்கு விசிடிஎஸ் உதவாது. என்54 எஞ்சினில் இதே குறை 30எஃப்எஃப் என்ற கம்பெனிக் கோடாக வரும். அதைப் படிக்க பிஎம்டபிள்யூவுக்கென்றே உள்ள ஆப் வேண்டும்.

மூன்றாவது, நல்ல சுயேச்சைப் பட்டறை. இவர்களிடம் இருக்கும் ஸ்கேனரைவிட நான் மதிப்பது ஸ்மோக் மெஷினைத்தான். காற்றுக் குழாயை அடைத்துப் புகையை உள்ளே விட்டால், கசியும் இடத்திலிருந்து புகை எழும். எந்த ஆப்பும் அதைச் செய்யாது. பட்டறையைத் தேர்ந்தெடுக்க ஒரே கேள்வி போதும்: “ஸ்மோக் டெஸ்ட் பண்ணுவீங்களா?” இல்லை, கோட்டைப் பார்த்துப் பாகத்தை மாற்றுவோம் என்றால் வண்டியைத் திருப்புங்கள்.

வாரன்டி போய்விடும் என்று பயந்து ஷோரூமையே பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளன. வாரன்டி காலத்திலும் சுயேச்சைப் பட்டறையில் வேலை பார்க்கலாம், அதற்காக வாரன்டி மொத்தமும் ரத்தாகாது. அந்த வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் கம்பெனி பொறுப்பேற்காது.

ஷோரூம் பற்றிச் சுருக்கமாக. வாரன்டியில் இலவசமாக மாற்ற வேண்டிய பாகம், சாஃப்ட்வேர் அப்டேட், இம்மொபிலைசர், சாவி என்றால் அங்கே போவதே நல்லது. கம்பெனியின் உள் அறிக்கைகளும் அவர்களுக்குத்தான் முதலில் வரும். ரீமேப் செய்த வண்டி என்றால் யோசித்துப் போங்கள். ஃபோக்ஸ்வாகன், ஆவ்டி முறையில் ரீமேப்பைக் காட்டிக்கொடுக்கும் டிடி1 என்ற குறி விழுந்தால் எஞ்சின் தொடர்பான வாரன்டி கோரிக்கை சிக்கலாகும்.

லைட் மினுக்கினால் மட்டும் இந்த ஒப்பீடு எதுவும் வேண்டாம். அது கடுமையான மிஸ்ஃபயர், எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பொசுக்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரங்கட்டுங்கள். பி0302, அதாவது இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று வந்தால், ஆறிய பிறகு அந்தச் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை மூன்றாவதோடு மாற்றிப் போடுங்கள். கோடு பி0303 என்று இடம் மாறினால் காயில்தான். இதற்கு மலிவு டாங்கிளே போதும்.

டாங்கிள் மற்ற எல்லாவற்றையும் முந்தும் இடம் பழைய வண்டி வாங்கும்போது. விற்பவர் முன்னாலேயே செருகி ரெடினஸ் மானிட்டர்களை, அதாவது வண்டி தன்னைத் தானே சோதித்து முடித்ததா என்ற பட்டியலை, பாருங்கள். கோடு ஒன்றுமே இல்லை, ஆனால் மானிட்டர்கள் பல இன்னும் தயாராகவில்லை என்று காட்டினால், பேட்டரியைக் கழற்றினார்களா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் காலையில்தான் யாரோ கோட்டை அழித்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று நாள் ஓட்டிய பிறகு மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லுங்கள், அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.