மேடையிலிருந்து டிவிக்கு: மூன்று வழிகள், நடிப்பு எதில் ஒட்டும்?

கொலையும் பித்தும் பேசும் நாடகத்தை டிவிக்கு எடுத்தால் முதலில் வரும் குறை, "ஒருத்தர் நடிக்கிறார், இன்னொருத்தர் கத்துகிறார்" என்பதுதான். பெரும்பாலும் இது திறமைக் குறைவல்ல, நடிப்பின் அளவு ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாதது. புதுச்சேரிக் குழுக்களுக்கு மூன்று வழி உண்டு.

அரங்கேற்றத்தையே மூன்று கேமராவில் பதிவு செய்வது மலிவு. ஆனால் கடைசி வரிசைக்கு வீசிய குரல் குளோஸ்-அப்பில் முகத்தில் அறையும். ஆவணத்துக்குப் போதும்.

இரண்டாவது, சென்னையிலிருந்து சீரியல் முகங்களை இறக்குவது. சேனலுக்கு இதுதான் பிடிக்கும். அவர்களில் பலர் ப்ராம்ப்டிங் (பக்கத்திலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுக்கும் வசனம்) கேட்டுப் பேசி, டப்பிங்கில் குரலைச் சரிசெய்து பழகியவர்கள். இங்கே பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் உடலைப் பழக்கியவர் பக்கத்தில் நின்றால், அந்த மேடை நடிகர் மட்டும் சாமி வந்தவர் போலத் தெரிவார்.

என் ஓட்டு மூன்றாவதுக்கு: அதே மேடைக் குழு, பார்வையாளர் இல்லாத அறை, இரண்டு கேமரா. ட்ரெவர் நன் மேடையில் இயக்கிய ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்'தை, பிரிட்டனின் தேம்ஸ் டெலிவிஷனுக்காக பிலிப் காசன் இப்படித்தான் ஸ்டுடியோவில் எடுத்தார்; 1979-இல் ஒளிபரப்பானது. அதன் நடிகர்கள் இயன் மெக்கெல்லனும் ஜூடி டென்ச்சும் அதை 1976-இலேயே ஒரு சின்ன அரங்கில் நடித்திருந்தார்கள். அதனால் அவர்கள் குறைக்க வேண்டியிருந்தது கொஞ்சம்தான். கம்பன் கலையரங்கம் மாதிரிப் பெரிய மேடையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வாரமாவது மறு ஒத்திகை வேண்டும், மூன்றடி தள்ளி எதிரெதிரே உட்கார்ந்து.

அப்போதே ஒவ்வொரு காட்சியின் கொதிப்புக்கும் 1 முதல் 10 வரை எண் போட்டு எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுங்கள். முந்தின நாள் கொலைக் காட்சி எடுத்திருந்தால், மறுநாள் 4-இல் நிற்க வேண்டிய காபிக் காட்சியை 9-இல் நடித்துவிடுவார்கள். முடிந்தவரை நாடக வரிசையிலேயே எடுப்பது நல்லது. சிரிப்புக்கும் கைதட்டலுக்கும் மேடையில் விட்ட இடைவெளி, அறையில் வசனம் மறந்தது போலத் தெரியும். அதையும் ஒத்திகையிலேயே அடைத்துவிடுங்கள்.

அலறல்தான் பெரிய தொல்லை. பேச்சின் உச்சத்தை, பதிவுக் கருவியின் எல்லையான 0-க்குக் கீழே மைனஸ் 12 டெசிபலில் வைத்தாலும் அலறும்போது ஒலி உடையும். உடனே சவுண்ட்காரர் "கொஞ்சம் மெதுவா" என்பார். அதோடு அலறல் பொய்யாகிவிடும். அதே மைக்கை இன்னொரு டிராக்கில் 10 டெசிபல் குறைத்துப் பதிந்தால் நடிகரைத் தொட வேண்டாம். சத்தத்துக்காக ஏசியை நிறுத்தினால் நம்மூர்ப் புழுக்கத்தில் மைக்கை உடலில் ஒட்டிய டேப் வியர்வையில் கழன்றுவிடும். ஒவ்வொரு டேக் முடிந்ததும் ஏசியைப் போடுங்கள்.

சீரியல் நட்சத்திரம் இல்லாமல் பணம் வராது என்றால், இன்ஸ்பெக்டர், டாக்டர் மாதிரி வெளியிலிருந்து அந்த வீட்டுக்குள் நுழையும் வேடத்தைக் கொடுங்கள். அங்கே அளவு மாறினால் பாத்திரத்தின் குணம் என்றே பார்ப்பவர் எடுத்துக்கொள்வார்.